குறுகியகாலப் பயிற்சியால் ஊழியர்களின் மருத்துவ அறிவு கூடியதா? அளந்து பார்க்க ஒரு வழிகாட்டி

மருத்துவமனைகளில் ஒருநாள், இரண்டுநாள் பயிற்சிகளுக்குக் குறைவே இல்லை. கைகழுவுதல், இதய மீட்பு, பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கு, மருந்து ஒவ்வாமை என்று ஏதாவது ஒன்று நடந்துகொண்டேதான் இருக்கிறது. முடிந்ததும் குழுப் படம், சான்றிதழ், 'மிகவும் பயனுள்ளதாக இருந்தது' என்று நிரப்பிய ஃபீட்பேக் படிவங்கள். அப்புறம் ஒருநாள் யாராவது கேட்பார்கள்: "சரி, இதனால் நம் ஆட்களுக்கு விஷயம் தெரிந்ததா?" அதற்குப் பதில் சொல்லும் பொறுப்பு முதன்முறையாக உங்கள் தலையில் விழுந்திருந்தால், இது உங்களுக்காக எழுதியது.

புள்ளியியல் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஒரு எக்செல் தாள், நல்ல கேள்விகள் இருபது, கொஞ்சம் முன்யோசனை இருந்தால் போதும். ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். எல்லோரும் சராசரி மதிப்பெண்ணைத்தான் தேடுகிறார்கள். சராசரியும் வேண்டும். ஆனால் சராசரி ஏறியது என்ற செய்தியைவிட, உயிர்காக்கும் ஒரு ஊசியைப் பற்றிய கேள்வியில் பயிற்சிக்குப் பிறகும் ஏழு பேர் தவறுகிறார்கள் என்ற செய்தி பெரியது. அந்த ஏழு பேரும் நாளைக்கு டியூட்டிக்கு வருவார்கள். அந்த மாதிரிச் செய்தி கைநழுவாமல் இருக்கத்தான் கீழே உள்ள ஏற்பாடுகள் எல்லாம்.

எதை அளக்கப் போகிறீர்கள்?

பயிற்சியின் பலனை நான்கு மட்டங்களில் பார்க்கலாம் என்று 1959இல் டொனால்ட் கிர்க்பாட்ரிக் வகுத்தார். கலந்துகொண்டவர்களுக்குப் பிடித்ததா, கற்றுக்கொண்டார்களா, வேலையில் நடந்துகொள்ளும் விதம் மாறியதா, கடைசியில் விளைவு மாறியதா. ஃபீட்பேக் படிவம் முதல் மட்டத்தோடு நின்றுவிடும். 'எனக்கு இப்போது நன்றாகப் புரிந்தது' என்று ஒருவர் டிக் அடிப்பதும் அவர் கற்றுக்கொண்டதற்குச் சான்றாகாது. மருத்துவர்கள் தங்கள் திறனைத் தாங்களே மதிப்பிடுவது பல சமயம் புறமதிப்பீட்டோடு ஒத்துப்போவதில்லை என்று 2006இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு காட்டியது. மருத்துவர்களுக்கே அப்படியென்றால் மற்றவர்களின் சுயமதிப்பீட்டையும் கொஞ்சம் யோசித்துத்தான் நம்ப வேண்டும்.

மருத்துவக் கல்வியில் இன்னொரு படிநிலையும் புழக்கத்தில் உண்டு. 1990இல் ஜார்ஜ் மில்லர் சொன்னது: தெரியும், எப்படி என்று தெரியும், செய்து காட்டுவார், உண்மையில் செய்கிறார். எழுத்துத் தேர்வு கீழே உள்ள இரண்டு படிகளைத்தான் எட்டும். மூன்றாவதுக்குப் பயிற்சிப் பொம்மையும் பார்வையாளரும் சரிபார்ப்புப் பட்டியலும் வேண்டும். நான்காவதற்கு வார்டிலேயே நின்று கவனிக்க வேண்டும்.

இந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் தான்சானியாவில் கிடைத்தது. பிறந்தவுடன் மூச்சுவிடாத குழந்தையைக் காப்பாற்றக் கற்றுத்தரும் 'ஹெல்ப்பிங் பேபீஸ் ப்ரீத்' பயிற்சியை அங்கே ஒரு கிராமப்புற மருத்துவமனையில் ஒருநாள் வகுப்பாக நடத்தினார்கள். பொம்மையில் ஊழியர்களின் செயல்பாடு நன்றாக முன்னேறியது. பிரசவ அறையில் உண்மையான குழந்தைகளைக் கையாண்ட விதமோ மாறவில்லை. இந்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. அதே இடத்தில் பிறகு சிறிய பயிற்சிகளைப் பணியிடத்திலேயே அடிக்கடி நடத்தினார்கள். அப்போது பிறந்த 24 மணி நேரத்துக்குள் நேரும் இறப்பு குறைந்தது.

இதைச் சொல்வது உங்களைப் பின்வாங்கச் செய்ய இல்லை. அறிவை அளப்பது முக்கியம். கடும் ஒவ்வாமைக்கு அட்ரினலின் ஊசி எவ்வளவு என்று தெரியாதவர் சரியாகப் போட வாய்ப்பே இல்லை. ஆனால் அறிவை மட்டும் அளந்துவிட்டு 'சிகிச்சைத் தரம் உயர்ந்தது' என்று அறிக்கை எழுதாதீர்கள். ஆகவே முதல் வேலையாக ஒரே வாக்கியத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: யாருடைய, எந்த விஷயத்தைப் பற்றிய அறிவு, எப்போதைக்கும் எப்போதைக்கும் இடையில் மாறியதா என்று பார்க்கிறோம். உதாரணமாக, 'உள்நோயாளி வார்டுகளில் பணிபுரியும் செவிலியர்களுக்குக் கடும் ஒவ்வாமையை அடையாளம் காணவும் முதல் மருந்தைத் தேர்ந்தெடுக்கவும் தெரிந்திருப்பது, பயிற்சிக்கு முன்பிருந்து மூன்று மாதம் கழித்து வரை.' இனி இந்தக் கட்டுரை முழுக்க இதே உதாரணத்தோடு போகலாம்.

கேள்வித்தாள்: வேலையில் பாதி இங்கேதான்

ஸ்லைடுகள் தயாராவதற்கு முன்பே கேள்விகள் தயாராகிவிட வேண்டும். பலர் வகுப்பு முடியும் நேரத்தில் ஸ்லைடிலிருந்து வரிகளைப் பொறுக்கிக் கேள்வியாக்குகிறார்கள். அப்படிச் செய்தால் ஸ்லைடை யார் மனப்பாடம் செய்தார் என்பது மட்டும்தான் தெரியவரும். இந்தப் பயிற்சிக்குப் பிறகு ஊழியர் எடுக்க வேண்டிய முடிவுகள் எவை என்று முதலில் பட்டியல் போடுங்கள். ஐந்தாறு முடிவுகள் தேறும். ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்கு கேள்விகள். அவ்வளவுதான்.

ஒரே தலைப்பில் இரண்டு கேள்விகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

முதல் கேள்வி: 'அனஃபிலாக்சிஸ் என்றால் என்ன?' உயிருக்கு ஆபத்தான கடும் ஒவ்வாமை என்று இதற்கு விடை தெரிந்தவர் நோயாளி திணறும்போது என்ன செய்வார் என்று நமக்குத் தெரியாது.

இரண்டாவது: 'நாற்பது வயதுப் பெண். நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற்றிய ஐந்து நிமிடத்தில் உடலெங்கும் தடிப்பு, மூச்சிழுப்பு, ரத்த அழுத்தம் 80/50. ஏற்றிக்கொண்டிருந்த மருந்தை நிறுத்திவிட்டீர்கள். அடுத்து முதலாவதாகக் கொடுக்க வேண்டிய மருந்து எது? அ. ஹைட்ரோகார்டிசோன் 200 மி.கி., நரம்பு வழி. ஆ. அட்ரினலின் 0.5 மி.கி., தொடையின் வெளிப்புறத் தசையில். இ. குளோர்பெனிரமின் 10 மி.கி., நரம்பு வழி. ஈ. சால்பியூட்டமால் 5 மி.கி., நெபுலைசர் வழி. உ. தெரியவில்லை.'

இந்தக் கேள்வியில் கவனிக்க வேண்டியவை சில. நான்கு விடைகளிலும் மருந்தின் அளவும் செலுத்தும் வழியும் இருக்கின்றன. சரியான விடையில் மட்டும் விவரம் நீளமாக இருந்தால், பாடம் தெரியாதவரும் தேர்வெழுதிப் பழகியவர் என்றால் கண்டுபிடித்துவிடுவார். தவறான விடைகள் மூன்றும் ஊழியர்கள் உண்மையில் செய்யும் தவறுகள். ஸ்டீராய்டையும் (அ) ஒவ்வாமை எதிர்ப்பு மருந்தையும் (இ) முதலில் கொடுத்துவிட்டு, சரியான விடையான அட்ரினலினுக்குத் (ஆ) தயங்குவது உலகெங்கும் காணும் பழக்கம். யாருமே தேர்ந்தெடுக்காத கேலிக்கூத்தான விடை ஒன்றைச் சேர்த்தால், நான்கு விடைக் கேள்வி மூன்று விடைக் கேள்வியாகிவிடும், ஊகத்தின் பலன் கூடிவிடும்.

'தெரியவில்லை' என்ற ஐந்தாவது வாய்ப்பை நான் எப்போதும் வைக்கச் சொல்வேன். நான்கு விடைகள் கொண்ட 20 கேள்விகளைக் கண்ணை மூடிக்கொண்டு டிக் அடித்தாலும் சராசரியாக ஐந்து சரியாகிவிடும். 'சரியா, தவறா' வகைக் கேள்விகளில் பத்து சரியாகிவிடும். அதனால் அந்த வகையை முடிந்தவரை தவிருங்கள். 'மேற்கண்ட அனைத்தும்', 'பின்வருவனவற்றுள் எது பொருந்தாது' இரண்டும் வேண்டாம். பின்னது அறிவைச் சோதிப்பதைவிட அவசரத்தில் 'பொருந்தாது' என்ற சொல்லைப் படித்தாரா என்பதைத்தான் சோதிக்கும்.

ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் போடுங்கள்: 'உறுதியாகத் தெரியும் / ஓரளவு / ஊகம்'. இதற்கு ஆகும் நேரம் சில விநாடிதான், கிடைக்கும் தகவல் பெரிது. ஊகித்துத் தவறியவர் வார்டில் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பார், புத்தகத்தைப் பார்ப்பார். உறுதியாகத் தவறியவர் யாரிடமும் கேட்கமாட்டார். முடிவுகளைப் பார்க்கும்போது நான் முதலில் தேடுவது இந்த இரண்டாவது கூட்டத்தைத்தான்.

தாள் தயாரானதும் துறையில் அனுபவமுள்ள இரண்டு மூன்று பேரிடம் தனித்தனியாகக் கொடுங்கள். விடைத்தாளைக் கொடுக்காதீர்கள், அவர்களே விடை எழுதட்டும். மூத்தவர்கள் இருவர் ஒரே கேள்விக்கு வெவ்வேறு விடை எழுதினால், கேள்வியில் கோளாறு இருக்கலாம், அல்லது உங்கள் மருத்துவமனையின் நடைமுறை விதிமுறையே தெளிவில்லாமல் இருக்கலாம். எதுவானாலும் பயிற்சிக்கு முன்பே தீர்த்துவிடுங்கள். அப்புறம், பயிற்சிக்கு வராத எட்டு பத்து ஊழியர்களை வைத்து ஒரு வெள்ளோட்டம். பத்தில் ஒன்பது பேர் சரியாகச் சொல்லும் கேள்வியில் முன்னேற்றத்தைக் காட்ட இடமே இல்லை. அதை எடுத்துவிட்டுக் கொஞ்சம் கடினமானதைப் போடுங்கள். நோயாளியின் பாதுகாப்புக்குத் தவிர்க்க முடியாத கேள்வி என்றால் மட்டும் எளிதாக இருந்தாலும் வைத்துக்கொள்ளலாம். தேர்வு எந்த மொழியில் இருக்க வேண்டும் என்பதையும் வெள்ளோட்டத்தில் தெரிந்துகொள்ளலாம். ஆங்கிலம் புரியாமல் தவறியவரை மருத்துவம் தெரியாதவர் என்று கணக்கில் எழுதுவது அநியாயம்.

மொத்தத் தாளின் நம்பகத்தன்மைக்கு, அதாவது கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்க்க, கே.ஆர்-20 என்ற குறியீடு உண்டு, 1937 முதல் புழக்கத்தில் இருப்பது. முன்தேர்வு மதிப்பெண்களை வைத்துக் கணக்கிடுங்கள். 0.7ஐத் தொட்டால் குழுக்களை ஒப்பிடப் போதுமானது. பின்தேர்வில் எல்லோரும் நன்றாக எழுதிவிட்டால் மதிப்பெண்கள் நெருங்கிவிடும், இந்த எண் தானாகவே குறையும். அதைப் பார்த்துப் பதறாதீர்கள்.

ஒரே தாளா, இரண்டு தாளா?

முன்தேர்வுக்கும் பின்தேர்வுக்கும் ஒரே தாளைக் கொடுத்தால் ஒப்பிடுவது சுலபம். ஆனால் காலையில் பார்த்த கேள்வி என்பதால் அந்த இடம் வரும்போது மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள். இரண்டு வெவ்வேறு தாள் போட்டால், இரண்டாவது தாள் எளிதாக இருந்ததால்தான் மதிப்பெண் ஏறியதோ என்ற சந்தேகம் வரும்.

நடுவழி ஒன்று இருக்கிறது. 'க', 'ங' என்று இணையான இரண்டு தாள்கள் தயாரித்து, பாதிப் பேருக்கு முதலில் 'க' பிறகு 'ங', மீதிப் பேருக்கு முதலில் 'ங' பிறகு 'க' கொடுங்கள். எந்தத் தாள் கடினமோ அதன் பாதிப்பு இரண்டு பக்கமும் சமமாக விழும். இணையான கேள்வி எழுதும்போது மேலோட்டமான விவரங்களை மட்டும் மாற்றுங்கள். ஆன்டிபயாடிக்குக்குப் பதில் தேனீக்கடி, நாற்பது வயதுப் பெண்ணுக்குப் பதில் இருபத்தைந்து வயது ஆண். அதையே 15 கிலோ எடையுள்ள குழந்தை என்று மாற்றினீர்களானால், கிலோவுக்கு 0.01 மி.கி. என்று கணக்குப் போட வேண்டியிருக்கும். அது புதிய கேள்வி, இணைக் கேள்வி ஆகாது.

முதன்முறை செய்பவருக்கு என் யோசனை: ஒரே தாளை வைத்துக்கொண்டு, கேள்விகளின் வரிசையையும் விடைகளின் வரிசையையும் மாற்றிக் கொடுங்கள். மூன்று மாதத் தேர்வுக்கு இணைத் தாளைப் பயன்படுத்துங்கள்.

யாருடைய தாள் என்று தெரிய வேண்டும், பெயர் தெரியக் கூடாது

புதியவர்களிடம் நான் அடிக்கடி பார்ப்பது இது. 'வெளிப்படையாக எழுதட்டும்' என்ற நல்லெண்ணத்தில் பெயரும் வேண்டாம் எண்ணும் வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள். மாலையில் கையில் 30 முன்தேர்வுத் தாள், 28 பின்தேர்வுத் தாள். எது யாருடையது என்று தெரியாது. யார் முன்னேறினார், யார் அப்படியே இருக்கிறார், யார் குழம்பிப் போனார் என்று எதுவும் சொல்ல முடியாது.

ஊழியர் தானே உருவாக்கும் ஒரு குறியீடு போதும். அம்மாவின் பெயரில் முதல் எழுத்து, பிறந்த தேதியின் இரண்டு இலக்கம், கைபேசி எண்ணின் கடைசி இரண்டு இலக்கம். மூன்று மாதம் கழித்துக் கேட்டாலும் மறக்காது. குறியீட்டை உருவாக்கும் முறையை ஒவ்வொரு தாளின் தலைப்பிலும் அச்சிட்டுவிடுங்கள். அதோடு தொழில், அனுபவ ஆண்டுகள், வார்டு வகை என்று இரண்டு மூன்று விவரம் மட்டும் கேளுங்கள். சிறிய இடமென்றால் இந்த மூன்றை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் என்பதால் ஆண்டுகளை '5க்குக் கீழ், 5 முதல் 10, 10க்கு மேல்' என்று பெட்டிகளாகக் கேட்பது நல்லது.

மதிப்பெண் மேலதிகாரியிடம் தனிநபர் வாரியாகப் போகாது, பதவி உயர்வுக்கோ தண்டனைக்கோ பயன்படாது என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு, அதை ஊழியர்களிடம் சொல்லிவிடுங்கள். பயந்தவர்கள் பக்கத்துத் தாளைப் பார்த்து எழுதுவார்கள். அதைவிட, பயந்தவரிடம் அவருக்குத் தெரியாததை நீங்கள் தெரிந்துகொள்ளவே முடியாது. முடிவுகளை வெளியே கட்டுரையாக்கும் எண்ணம் துளியாவது இருந்தால், நெறிமுறைக் குழுவிடம் தொடங்குவதற்கு முன்பே போங்கள். முடிந்த பிறகு அனுமதி கேட்டால் பொதுவாகக் கிடைக்காது.

தேர்வு நாளில்

முன்தேர்வு வரவேற்புரைக்கு முன்பே நடக்க வேண்டும். தாமதமாக வருபவர்களுக்குத் தனி மேசை போட்டு, எழுதிய பிறகே உள்ளே அனுப்புங்கள். இருபது கேள்விக்கு 25 நிமிடம் தாராளம். தாளைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், விடைகளைச் சொல்லாதீர்கள். மேற்பார்வைக்குப் பயிற்சியாளர் வேண்டாம், வேறு ஒருவர் இருக்கட்டும். வகுப்பின் கடைசிப் பத்து நிமிடத்தில் பயிற்சியாளர் 'முக்கியமான பாயின்ட்டுகளை ஒருமுறை பார்த்துவிடலாம்' என்று சொல்லிக்கொண்டே கேள்வித்தாளின் விடைகளை வாசிப்பது பல இடங்களில் நடக்கிறது. அவர் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, தன் மாணவர்கள் நன்றாக எழுத வேண்டும் என்ற ஆசை. ஆனால் அளவீடு அங்கேயே முடிந்துவிடும். கேள்வித்தாளைப் பயிற்சியாளருக்கு முன்கூட்டியே காட்டாமல் இருப்பதும், எந்த முடிவுகள் சோதிக்கப்படும் என்பதை மட்டும் சொல்வதும் இதற்கு வழி.

மாலை நேரத்து ஷிஃப்ட்டுக்குக் கிளம்ப வேண்டியவர்கள் பின்தேர்வு எழுதாமல் போய்விடுவார்கள். நேரத்தை அதற்கேற்ப அமைத்துவிடுங்கள்.

ஒப்பிட இன்னொரு குழு

முன்பு, பின்பு என்று ஒரே குழுவை மட்டும் அளந்தால், ஏறிய மதிப்பெண் பயிற்சியால்தான் ஏறியது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. காலைத் தேர்வும் மாலைத் தேர்வும் ஒரே நாளில் என்றால் வேறு காரணம் பெரிதாக இருக்காது. மூன்று மாதம் என்றால் கதை வேறு. இடையில் புதிய சுற்றறிக்கை வந்திருக்கலாம், வார்டில் யாருக்காவது கடும் ஒவ்வாமை வந்து எல்லோரும் அதைப் பற்றிப் பேசியிருக்கலாம். தேர்வெழுதுவதே ஒரு பாடம் என்பதும் உண்டு. படித்ததைத் திரும்பப் படிப்பதைவிட அதில் தேர்வெழுதுவது நீண்டநாள் நினைவுக்கு நல்லது என்று 2006இல் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் செய்த சோதனைகள் காட்டின.

நல்ல வேளையாக, மருத்துவமனையில் எல்லோரையும் ஒரே நாளில் விடுவிக்க முடியாது என்ற சங்கடமே இங்கே கைகொடுக்கும். இரண்டு அணியாகத்தான் அனுப்பப் போகிறீர்கள். யார் முதல் அணி, யார் இரண்டாம் அணி என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்யுங்கள். முதல் அணியின் முன்தேர்வு நாளிலும் பின்தேர்வு நாளிலும் இரண்டாம் அணிக்கும் அதே தேர்வுகளை வையுங்கள். இரண்டாம் அணியின் மதிப்பெண் ஏறாமல் முதல் அணியுடையது மட்டும் ஏறினால், உங்கள் வாதம் பல மடங்கு பலமாகிவிடும். யாருக்கும் பயிற்சி மறுக்கப்படவும் இல்லை. மூன்று மாதத் தேர்வுக்கும் ஒப்பீடு வேண்டுமென்றால் இரண்டாம் அணியின் பயிற்சியை அதுவரை தள்ளிவைக்க வேண்டும். உயிர்காக்கும் பாடம் என்றால் அப்படித் தள்ளிவைக்க வேண்டாம் என்பது என் கருத்து. முதல் ஒப்பீடு போதும்.

இன்னொரு எச்சரிக்கை. முன்தேர்வில் குறைந்த மதிப்பெண் எடுத்தவர்களை மட்டும் பயிற்சிக்கு அனுப்பி, அவர்கள் முன்னேறியதைக் காட்டிப் பெருமைப்படாதீர்கள். ஒருநாள் மிகக் குறைவாக எடுத்தவர் அடுத்த முறை எதுவும் படிக்காவிட்டாலும் கொஞ்சம் மேலே வருவார். பிரான்சிஸ் கால்டன் 1886இலேயே பெற்றோர், பிள்ளைகளின் உயரத்தை வைத்து விளக்கிய விஷயம் இது.

மூன்று மாதம் கழித்து

மாலை நாலரை மணித் தேர்வில் மதிப்பெண் ஏறாத பயிற்சி அநேகமாகக் கிடையாது. அரை மணி நேரத்துக்கு முன் கேட்டதை யாரும் எழுதிவிடுவார்கள். 1885இல் எபிங்ஹாஸ் என்ற உளவியலாளர் தன்னையே சோதனைக்கு உட்படுத்தி, கற்றது முதல் சில மணி நேரத்திலும் நாட்களிலும் மிக வேகமாக மறக்கிறது, பிறகு மெதுவாகிறது என்று காட்டினார். இதய மீட்புத் திறன்கள் பயிற்சிக்குப் பிறகு சில மாதங்களிலேயே தேயத் தொடங்குகின்றன என்பதும் திரும்பத் திரும்பக் கண்டது. அதனால் மூன்றாவது தேர்வு இல்லாத மதிப்பீட்டை நான் பாதி மதிப்பீடு என்றுதான் சொல்வேன்.

எல்லோரையும் மறுபடி ஒரே அறையில் கூட்ட முடியாது. பணி மாறும் நேரத்தில் வார்டிலேயே, அணி அணியாக, ஒரு வார காலத்துக்குள் முடித்துவிடலாம். கைபேசியில் படிவம் அனுப்புவது வசதி, ஆனால் தேடிப் பார்த்து எழுதுவார்கள். யாராவது எதிரே இருக்கும்போது எழுத வைப்பதே நல்லது. வராதவர்கள் யார் என்று பாருங்கள். அவர்களுடைய முன்தேர்வு மதிப்பெண் வந்தவர்களுடையதைவிடக் குறைவாக இருந்தால், உங்கள் மூன்று மாத முடிவு உண்மையைவிட அழகாகத் தெரிகிறது என்று அர்த்தம். அதை அறிக்கையில் சொல்லிவிட வேண்டும்.

கணக்கு

கற்பனையாக எண்களை வைத்துக்கொள்வோம். 30 பேர், 20 கேள்விகள். மூன்று தேர்வையும் 30 பேரும் எழுதினார்கள். முன்தேர்வுச் சராசரி 11.2, பின்தேர்வு 15.6, மூன்று மாதம் கழித்து 14.0.

எக்செலில் ஒரு வரிசைக்கு ஒரு ஆள், மூன்று மதிப்பெண்ணும் பக்கத்துப் பக்கத்துப் பத்திகளில். நான்காவது பத்தியில் ஒவ்வொருவருக்கும் பின்தேர்விலிருந்து முன்தேர்வைக் கழித்த வித்தியாசம். இந்த வித்தியாசங்களின் சராசரி 4.4. அவற்றின் திட்ட விலக்கம் (சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) 3.0 என்றால், அதை 30இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் சுமார் 0.55. இதை 2.045ஆல் பெருக்கி 4.4இன் இருபுறமும் வைத்தால் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மையான முன்னேற்றம் இருக்கக்கூடிய வரம்பு கிடைக்கும், ஏறக்குறைய 3.3 முதல் 5.5 வரை. இந்த 2.045 என்ற எண் 30 பேருக்கானது. ஆள் எண்ணிக்கை மாறினால் இதுவும் கொஞ்சம் மாறும்.

முன்னேற்றம் தற்செயலா என்று பார்க்கும் சோதனை எது என்று கேட்டால், இணைக்கப்பட்ட டி-டெஸ்ட். எக்செலின் டி.டெஸ்ட் சூத்திரத்தில் கடைசி எண்ணாக 1 கொடுத்தால் இந்த வகை. 2 அல்லது 3 கொடுத்தால் இரண்டு வேறு வேறு கூட்டத்தை ஒப்பிடுவதாக எடுத்துக்கொள்ளும், ஒரே ஆட்களை அளந்த உங்களுக்கு அது பொருந்தாது. ஆட்கள் குறைவாக இருந்து, வித்தியாசங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தால் வில்காக்சன் சோதனை. எத்தனை பேர் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: வித்தியாசத்தின் திட்ட விலக்கத்தில் பாதி அளவுக்கு ஒரு முன்னேற்றத்தை, வழக்கமான 80 சதவீத வாய்ப்போடு கண்டுபிடிக்க 34 பேர் வேண்டும். முன்னேற்றம் பெரிது என்றால் இன்னும் குறைவான பேரே போதும்.

இந்தச் சோதனைகள் தரும் பி மதிப்பை (உண்மையில் மாற்றமே இல்லாவிட்டாலும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு) மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். அது முன்னேற்றத்தின் அளவைச் சொல்லாது. முன்னேற இடமிருந்ததில் எவ்வளவு முன்னேறினார்கள் என்று பார்க்கலாம். இயற்பியல் கற்பித்தலில் 1998இல் ரிச்சர்ட் ஹேக் பரவலாக்கிய கணக்கு இது. முன்தேர்வில் இழந்தது 8.8 மதிப்பெண், மீட்டது 4.4, அதாவது 50 சதவீதம். மூன்று மாதம் கழித்து அந்த 4.4இல் மிஞ்சியிருப்பது 2.8, கிட்டத்தட்ட 64 சதவீதம். இந்த இரண்டு எண்களை நிர்வாகத்தில் யாருக்கும் ஒரு நிமிடத்தில் புரியவைத்துவிடலாம்.

கேள்வி வாரியாக இறங்குங்கள்

மேலே சொன்ன அட்ரினலின் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்வோம். முன்தேர்வில் 12 பேர் சரி, பின்தேர்வில் 22 பேர் சரி. நல்ல முன்னேற்றம் என்று தாண்டிப் போய்விடத் தோன்றும். ஆட்களை இணைத்துப் பார்த்தால் நான்கு கூட்டம் தெரியும். இரண்டு முறையும் சரி: 11 பேர். தவறிலிருந்து சரிக்கு வந்தவர்கள்: 11 பேர். சரியிலிருந்து தவறுக்குப் போனவர்: ஒருவர். இரண்டு முறையும் தவறு: 7 பேர்.

மாற்றம் தற்செயலா என்று பார்க்க மெக்னமார் சோதனை. அது மாறியவர்களை மட்டும் எடுத்துக்கொள்ளும். 12 பேர் மாறினார்கள், 11 பேர் நல்ல பக்கம், ஒருவர் மறுபக்கம். காசு சுண்டிப் போட்டு இப்படி ஒருபக்கமாக விழும் வாய்ப்பு, இருபுறமும் சேர்த்து, 0.006. தற்செயல் என்று சொல்ல இடமில்லை.

கணக்கு அங்கே முடிகிறது, வேலை முடியவில்லை. அந்த 7 பேரின் தாள்களை வெளியே எடுத்து வைத்து, என்ன விடை எழுதினார்கள் என்று பாருங்கள். ஏழில் ஐந்து பேர் ஹைட்ரோகார்டிசோன் என்று, அதுவும் 'உறுதியாகத் தெரியும்' கட்டத்தில் டிக் அடித்து எழுதியிருந்தால், அவர்கள் வகுப்பில் தூங்கியதாக நினைக்காதீர்கள். அவர்களுடைய வார்டில் மூத்தவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள் என்பது அதிக வாய்ப்புள்ள விளக்கம். பயிற்சி அறையில் கேட்டதைவிடத் தினமும் கண்ணால் பார்ப்பது வலுவானது. அவர்களை இன்னொரு வகுப்புக்கு அனுப்பினால் தீராது. அந்த வார்டின் அவசர மருந்துத் தட்டில் அட்ரினலின் எங்கே இருக்கிறது, அளவு எழுதி ஒட்டியிருக்கிறதா, மூத்த மருத்துவர் என்ன சொல்கிறார் என்று பார்க்க வேண்டும். ஏழு பேரும் ஆளுக்கொரு விடை எழுதி 'ஊகம்' என்று குறித்திருந்தால், அது கற்பித்த விதத்தின் குறை. அந்தப் பகுதியை வேறு மாதிரி நடத்த வேண்டும்.

சரியிலிருந்து தவறுக்குப் போன அந்த ஒருவரையும் விட்டுவிடாதீர்கள். ஒருவர் என்றால் கவனக்குறைவாக இருக்கலாம். நான்கைந்து பேர் ஒரே தவறான விடைக்குப் போயிருந்தால், வகுப்பில் ஏதோ ஒரு வரி குழப்பிவிட்டது. 1:1000, 1:10,000 என்ற வெவ்வேறு செறிவுள்ள இரண்டு அட்ரினலின் கரைசல்களையும் ஒரே ஸ்லைடில் போட்டு அவசரமாகத் தாண்டியது போன்ற காரணம் பெரும்பாலும் தென்படும்.

இருபது கேள்விக்கும் இந்த நான்கு கூட்டத்தை ஒரு அட்டவணையாகப் போட்டுவிடுங்கள். இருபது சோதனை செய்தால் ஒன்றாவது தற்செயலாகவே 'குறிப்பிடத்தக்கது' என்று வந்துவிடலாம் என்பதால், இந்த அட்டவணையைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அடுத்து எங்கே கைவைக்க வேண்டும் என்று காட்டும் குறிப்பாகப் பயன்படுத்துங்கள். தொழில் வாரியாக, வார்டு வாரியாகப் பிரித்துப் பார்க்கும் ஆசையும் வரும். ஐந்து பேர் இருக்கும் ஒரு பிரிவைப் பற்றி எந்த முடிவும் எழுதாதீர்கள்.

எழுதிக் கொடுக்கும்போது

ஒரு பக்கம் போதும். எத்தனை பேர் அழைக்கப்பட்டார்கள், எத்தனை பேர் ஒவ்வொரு தேர்வையும் எழுதினார்கள், முன் பின் சராசரியும் வித்தியாசத்தின் நம்பிக்கை இடைவெளியும், மூன்று மாதத்தில் மிஞ்சியது, ஒப்பீட்டு அணியின் மதிப்பெண். பிறகு நோயாளியின் பாதுகாப்பைத் தொடும் கேள்விகளில் இன்னும் தவறுபவர்களின் எண்ணிக்கை. அளந்தது அறிவை மட்டும்தான், வார்டில் செய்வதை அளக்கவில்லை என்ற வாக்கியம் முதல் பத்தியிலேயே இருக்கட்டும். ஒப்பீட்டு அணி இல்லையென்றால் அதையும் அங்கேயே சொல்லுங்கள்.

இந்த ஒரு பக்கம் நிர்வாகத்துக்கு. கேள்வி வாரியான அட்டவணை பயிற்சியாளருக்கும் வார்டுப் பொறுப்பாளர்களுக்கும் போக வேண்டும், அதுவும் பின்தேர்வு முடிந்த ஒரு வாரத்துக்குள். மூன்று மாதத் தேர்வு வரை காத்திருக்க வேண்டாம். அதில் ஆள் பெயரோ குறியீடோ இருக்கக் கூடாது, விடைகளின் எண்ணிக்கை மட்டும். முன்தேர்வு, பின்தேர்வு விடைகளை ஊழியர்களுக்கு விளக்கத்தோடு கொடுப்பது மூன்றாவது தேர்வுக்குப் பிறகு. உயிராபத்தான தவறு பலரிடம் தெரிந்தால் மட்டும் அந்த ஒரு கேள்விக்கான சரியான விடையை உடனே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள், மூன்று மாத அளவீட்டில் அந்தக் கேள்வி கெட்டுப்போனாலும் பரவாயில்லை. அதைக் கணக்கிலிருந்து நீக்கி மீதி 19 கேள்விகளை வைத்து மூன்று தேர்வையும் ஒப்பிட்டுக்கொள்ளலாம்.